கரை தரும் தூரம்

ஒருகொடவத்தையில் நின்றால் கடல் தெரியாது. பேஸ்லைன் வீதி மேம்பாலத்தில் ஏறிப் பார்த்தாலும் கண்ணில் படுபவை எண்ணெய்த் தாங்கிகளும், அடுக்கடுக்காக நிற்கும் கொள்கலன்களும், சுங்கச் சோதனைக்குக் காத்து நிற்கும் லொறிகளும்தான். அப்படியிருந்தும் என் உழைப்புக் காலம் முழுவதையும் நான் கடலுக்கே கொடுத்தேன். கொடுத்தது இந்த ஊரிலிருந்து. கப்பல்களுக்குச் சாமான் வழங்கும் ஒரு கொம்பனியின் ஸ்டோர் இங்கே இருந்தது. எண்பதுகளின் நடுவில் அங்கே வோட்டர் கிளார்க்காகச் சேர்ந்தேன். கப்பல் துறைமுகத்துக்குள் வந்ததும் முதல் ஆளாக ஏறிப் போவது, தேவைப்பட்டியலை வாங்குவது, சந்தையிலும் ஸ்டோரிலும் சாமானைச் சேர்ப்பது, சுங்கத்தில் காகிதம் முடிப்பது, ஏற்றிவிட்டுக் கையொப்பம் வாங்குவது எல்லாம் அந்த வேலைக்குள் அடக்கம்.

வருமானம் வணிகக் கப்பல்களிடமிருந்து வந்தது. தொழிலைக் கற்றுத் தந்தவை போர்க்கப்பல்கள். இந்தியா, பாகிஸ்தான், ஜப்பான், பிரான்ஸ், ரஷ்யா, சீனா, அமெரிக்கா, பங்களாதேஷ் என்று எத்தனையோ கொடிகள் கொழும்புக்கு வரும். வெளியே இருந்து பார்ப்பவர்கள் பீரங்கியைப் பார்ப்பார்கள். நாங்கள் அந்தக் கப்பலின் குளிர் அறையைப் பார்ப்போம். ஒரு கடற்படை எந்தச் சமுத்திரம் வரைக்கும் போகும் என்பதைக் கரையே தீர்மானிக்கிறது என்பதை நான் அந்த அறைகளில்தான் படித்தேன். எண்ணெய், தண்ணீர், சாப்பாடு மூன்றும் எந்தத் துறையில் கிடைக்கும், எத்தனை நாளைக்கு ஒருமுறை கிடைக்கும் என்ற கணக்குத்தான் கப்பலின் உண்மையான எல்லை.

தேவைப்பட்டியல் முன்பு டெலெக்ஸில் வரும். பிறகு ஃபெக்ஸ், கடைசியில் மின்னஞ்சல். அதை வாசிக்க ஒரு பழக்கம் வேண்டும். ஒரு மாலுமிக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ மரக்கறி என்பது எங்கள் கைக்கணக்கு. இருநூறு பேர் உள்ள கப்பல் மூன்று தொன் மரக்கறி கேட்டால் ஒரு மாதம் கரை காணாமல் ஓடப்போகிறது என்று அர்த்தம். அறுநூறு கிலோ கேட்டால் பக்கத்துத் துறைமுகத்தில் மறுபடி வாங்குவார்கள். கோவாவும் கரட்டும் உருளைக்கிழங்கும் அதிகம், கீரை குறைவு என்றால் நீண்ட ஓட்டம். தக்காளியை ஒரே பக்குவத்தில் கேட்கிறார்களா, பச்சை, செங்காய், பழம் என்று மூன்று பிரிவாகக் கேட்கிறார்களா என்று பார்ப்போம். மூன்று பிரிவு என்றால் முதல் வாரத்துக்குப் பழம், இரண்டாம் வாரத்துக்குச் செங்காய், மூன்றாம் வாரத்துக்குப் பச்சைக்காய்.

இந்தக் கணக்கு தெரிந்தவனுக்குக் கப்பல் எங்கே போகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இந்தத் தொழிலில் வாயைக் கட்டுவது முதல் பாடம். எங்கள் முதலாளி புதிதாகச் சேரும் பையன்களிடம் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, லிஸ்ட்டைச் சந்தைக்குக் கொண்டு போகலாம், கப்பலின் பேரைக் கொண்டு போகக்கூடாது." யுத்த காலத்தில் அந்தச் சொல்லின் கனம் கூடிற்று. கொழும்பில் ஒரு தமிழன் ஒரு போர்க்கப்பல் புறப்படும் நாளை அறிந்திருப்பது சின்னக் காரியம் இல்லை. வீட்டில்கூட நான் பேசியதில்லை. மனைவிக்குத் தெரிந்தது, இன்றைக்கு இவர் இரவு வர மாட்டார் என்பது மட்டும்.

ஏற்றும் நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கையின் வேலை தெரியும். விடிவதற்கு முன் மெனிங் சந்தையில் நிற்போம். அப்போது அது புறக்கோட்டையில் இருந்தது. இப்போது பேலியகொடைக்குப் போய்விட்டது. நுவரெலியா லொறி வந்து நிற்கும்போதே கோவாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர்ச் சமையலுக்கு வெளி இலையைக் கழித்து வெள்ளையாகக் கொடுப்பார்கள். கப்பலுக்கு வெளி இலை இரண்டு மூன்று கட்டாயம் இருக்க வேண்டும். குளிர் அறையில் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது அந்த இலைதான். தலையைக் கையில் எடுத்து அழுத்தினால் கல்லுப் போல் இருக்க வேண்டும், அடியில் வெட்டிய இடம் காய்ந்திருக்க வேண்டும். மழையில் நனைந்த மூட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், ஒரு வாரத்தில் கறுத்துவிடும். உருளைக்கிழங்கில் மண் ஒட்டியிருக்கக்கூடாது. எங்கள் மண்ணில் இருக்கும் புழு பூச்சி இன்னொரு நாட்டின் வயலுக்குப் போய்ச் சேரக்கூடாது என்பதில் கப்பல்கள் மிகக் கண்டிப்பு. முட்டையைக் கழுவக்கூடாது, கழுவினால் ஓட்டின் மேலிருக்கும் காப்பு போய்விடும். வெளிச்சத்துக்கு முன் பிடித்துப் பார்த்துத்தான் தட்டில் அடுக்குவோம்.

புறக்கோட்டையில் நாட்டாமிமார் மூட்டையைத் தூக்கி லொறியில் போடும் வேகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் சாமானுக்கு அந்த வேகம் ஆகாது. ஸ்டோருக்குக் கொண்டு வந்து சாக்கிலிருந்து பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றுவோம். காகித அட்டைப் பெட்டியைப் பல போர்க்கப்பல்கள் உள்ளே விடவே விடா. அட்டையின் நெளிவுக்குள் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு வந்துவிடும், நடுக்கடலில் அதை ஒழிக்க முடியாது. ஜெட்டியிலேயே அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாமானை மட்டும் ஏற்றுவார்கள்.

வணிகக் கப்பலில் கிரேன் இருக்கும், பலகைத் தட்டோடு தூக்கி வைத்துவிடலாம். போர்க்கப்பலில் வாசல்கள் ஒடுக்கம், ஏணிகள் செங்குத்து. அங்கே மனிதச் சங்கிலிதான். ஜெட்டியில் தொடங்கி, நடைபாலத்தில் ஏறி, தளத்தைத் தாண்டி, இரண்டு மாடி கீழே குளிர் அறை வரைக்கும் மாலுமிகள் வரிசையாக நின்று கைமாற்றுவார்கள். அதனால் ஒவ்வொரு கூடையும் ஒருவன் தனியாகத் தூக்கும் எடை, இருபது இருபத்தைந்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது. கப்பலின் மருத்துவ அதிகாரி ஒருவர் வெப்பமானியோடு நிற்பார். உறைந்த இறைச்சி என்றால் கழித்தல் 18 பாகை இருக்க வேண்டும். ஊசியைக் குத்திப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். அவர் தலையாட்டிய பிறகுதான் சங்கிலி நகரும். மேசையில் உட்கார்ந்து எழுதும் அதிகாரி முதல் சமையற்காரன் வரை எல்லாரும் சட்டை நனைய அந்த வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கப்பலின் மேல் மரியாதை வரும்.

எண்ணெய் ஏற்றுவது வேறு பிரிவினரின் வேலை. ஆனாலும் ஒரே கப்பலைச் சுற்றித்தான் எல்லாரும் நிற்போம், அதனால் அவர்களின் கணக்கும் எனக்குப் பழக்கம். பார்ஜ் வந்து ஒட்டியதும் முதலில் தாங்கியின் ஆழத்தை நாடா விட்டு அளப்பார்கள். நாடாவின் நுனியில் ஒரு பசை தடவியிருக்கும். அடியில் தண்ணீர் கலந்திருந்தால் பசையின் நிறம் மாறும். ஏற்றும்போது துளித் துளியாக மாதிரி பிடித்து, போத்தல்களில் முத்திரையிட்டு, கப்பலுக்கு ஒன்று, கொடுத்தவனுக்கு ஒன்று என்று பிரிப்பார்கள். எண்ணெய் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். கொழும்பின் முப்பது பாகை வெயிலில் அளந்த லீற்றர் தெற்குச் சமுத்திரத்தின் குளிரில் குறைந்துபோகும். ஆகவே எங்கே ஏற்றினாலும் 15 பாகையில் எவ்வளவு இருக்கும் என்று மாற்றித்தான் கணக்கு எழுதுவார்கள். உலகத்துச் சமுத்திரங்களெல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்துக்குள் வருவதை நான் பார்த்தது அந்தச் சின்னத் தாளில்தான்.

எண்ணெய்க்கு முன்பு நிலக்கரி. என் தாத்தா தலைமுறை கொழும்புத் துறைமுகத்தில் கூடை சுமந்தது. 1875இல் அடிக்கல் நாட்டி, 1885இல் தென்மேற்கு அலைதாங்கி கட்டி முடிந்த பிறகுதான் காலியை விட்டுக் கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. ஏறத்தாழ 4,200 அடி நீளக் கற்சுவர் அது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொண்டு வரும் அலையை அது வெளியே நிறுத்திற்று, உள்ளே சாமானும் கரியும் அமைதியாக ஏறின. கரியை வள்ளங்களில் கொண்டுபோய்க் கூடையில் தலைச்சுமையாக ஏற்றியவர்களில் பெரும்பாலோர் தமிழர். வெள்ளையர் எழுதிய கப்பல் கதைகளில் அவர்களுக்குப் பெயர் இல்லை.

அந்தக் கரி இல்லாத கடற்படை என்ன பாடுபடும் என்பதற்கு 1904-05 சாட்சி. ரஷ்யாவின் பால்டிக் கடற்படை ஜப்பானோடு சண்டையிடப் பாதி உலகத்தைச் சுற்றி வந்தது. பிரித்தானியத் துறைமுகங்கள் அதற்குக் கரி கொடுக்கவில்லை. கொழும்பு அவர்களுக்கு மூடிய கதவு. ஜெர்மன் கொம்பனி ஒன்றின் கரிக் கப்பல்களை நம்பி, மடகஸ்காரில் வாரக்கணக்கில் கிடந்து, பிறகு இந்து சமுத்திரத்தை ஒரு துறையும் தொடாமல் கடந்தார்கள். மேல்தளம், மாலுமிகளின் இருப்பிடம் எல்லாம் கரி மூட்டை. அப்படிக் களைத்துப் போய்ச் சேர்ந்த படை 1905 மே மாதம் சுஷிமாவில் அழிந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1908 டிசம்பரில், உலகைச் சுற்றி வந்த அமெரிக்காவின் பதினாறு போர்க்கப்பல்கள் கொழும்பில் ஒரு வாரம் தரித்தன. பலத்தைக் காட்ட வந்த அந்தப் படையும் தன் கரிக்குப் பெரும்பாலும் அந்நியக் கொடிக் கப்பல்களையே நம்பியிருந்தது.

எண்ணெய் வந்ததும் கரிக்கூடைகள் போய்த் தாங்கிகள் எழுந்தன. கொழும்பில் அவை எழுந்த இடம் கொலன்னாவையும் ஒருகொடவத்தையும். துறைமுகத்திலிருந்து புளுமெண்டால் பக்கமாக நிலத்துக்குள் குழாய்கள் ஓடி வருகின்றன. அவற்றின் மேல் மனிதர்கள் வீடு கட்டி, பிள்ளை பெற்று, கொடி கட்டித் துணி காயப் போட்டு வாழ்கிறார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது, தாங்கிகள் நாட்டுச் சொத்தாயின. எங்கள் ஊரின் காற்றில் எப்போதும் இருக்கும் மெல்லிய மண்ணெண்ணெய் வாசம் அந்தத் தாங்கிகளிலிருந்து வருவது.

தண்ணீரின் கதை 1942இல் இருக்கிறது. அதை நான் ஒவ்வொரு புதுப் பையனுக்கும் சொல்லியிருக்கிறேன். ஜப்பானிய விமானந்தாங்கிகள் இலங்கையைத் தாக்க வருகின்றன என்ற தகவல் பிரித்தானியருக்குக் கிடைத்துவிட்டது. அட்மிரல் சோமர்வில் தன் கிழக்குக் கடற்படையைத் திரட்டிக்கொண்டு இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எதிர்பார்த்த ஏப்ரல் 1ஆம் திகதி எதிரி வரவில்லை. படையில் முதலாம் உலகப் போர்க் காலத்துப் பழைய போர்க்கப்பல்கள் இருந்தன. அவற்றில் நன்னீர் தீரத் தொடங்கியது. 2ஆம் திகதி மாலை படை மாலைதீவின் அட்டு தீவுக்கூட்டத்துக்குத் தண்ணீரும் எண்ணெயும் எடுக்கத் திரும்பியது. இலங்கையிலிருந்து அறுநூறு கடல் மைல். 4ஆம் திகதி பிற்பகல் கனேடிய விமானி லெனார்ட் பெர்ச்சால் கட்டலினா விமானத்திலிருந்து ஜப்பானியப் படையைக் கண்டு செய்தி அனுப்பியபோது சோமர்வில்லின் படை அட்டுவில் நின்றது. மறுநாள், உயிர்த்த ஞாயிறு காலை, கொழும்பு தாக்கப்பட்டது. துறைமுகத்துக்குள் ஹெக்டர், டெனெடோஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. வெளிக்கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு குரூசர்கள் போயின. அவற்றோடு 424 பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் விமானந்தாங்கியும் போயிற்று.

ஜப்பானியர் ஐந்து விமானந்தாங்கிகளோடு வந்தார்கள், எண்ணெய்க் கப்பல்களையும் கூடவே கூட்டி வந்தார்கள். அன்றைக்கு மோதியிருந்தால் சோமர்வில்லின் படை முழுவதும் அழிந்திருக்கும், தண்ணீர்த் தட்டுப்பாடே அதைக் காப்பாற்றியது என்று சொல்வாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், அந்த வாரத்தில் இந்து சமுத்திரத்தில் யார் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானித்ததில் குடிதண்ணீருக்குப் பெரிய பங்கு இருந்தது. அதன் பிறகு பிரித்தானியப் படையின் பெரும் பகுதி ஆபிரிக்கக் கரையில் மொம்பாசாவின் கிலிந்தினிக்குப் போய்விட்டது. கரை பத்திரமில்லை என்றானதும் ஒரு பெரிய வல்லரசு ஒரு சமுத்திரத்தின் கிழக்குப் பாதியை விட்டு விலகியது.

எங்கள் காலத்திலும் கரை பத்திரமில்லாமல் போனது. 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி விடுதலைப் புலிகள் கொலன்னாவை, ஒருகொடவத்தை எண்ணெய்த் தாங்கிகளைத் தாக்கினார்கள். காவலில் நின்ற படையினர் பலர் இறந்தார்கள். எங்கள் ஸ்டோரின் கூரைக்கு மேலே வானம் கறுத்துக் கிடந்தது. அக்கம்பக்கத்துச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, அதில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் துறைமுகத்தின் மீதும் தாக்குதல் வந்தது. பிறகு துறைமுக வாசலில் என் பெயரை வாசித்த ஒவ்வொருவரும் இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்தார்கள். பாஸ் கிடைக்கத் தாமதமாகும், கூடைகள் வெயிலில் நிற்கும், லீக்ஸ் வாடும். லொறிச் சாரதி சிங்களவர், என்னைவிட மூத்தவர். "மல்லி, நீ இரு, நான் பேசுகிறேன்" என்று இறங்கிப் போவார். அவர் பேசி முடித்து வரும்வரை நான் கூடைகளுக்கு ஈரச் சாக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அவரால்தான் அந்த ஆண்டுகளில் நான் தொழிலில் நின்றேன்.

எங்கள் நாட்டுக் கடற்படை 1950 டிசம்பர் 9ஆம் திகதி ரோயல் இலங்கைக் கடற்படையாகப் பிறந்தது. வெகு காலம் கரையோரக் காவல்தான் அதன் வேலை. இப்போது தூரக் கடலுக்குப் போகும் கப்பல்கள் இருக்கின்றன. அவற்றில் கஜபாகு அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் ஐம்பது ஆண்டு ஓடிய பிறகு 2018இல் நமக்குக் கிடைத்தது. கப்பல் கிடைப்பது ஒரு காரியம், அதை ஓட்டுவது வேறு காரியம். 2024 ஜனவரியில் செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கியபோது, அங்கே ஒரு கப்பலை அனுப்புவதாக அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபா செலவாகும் என்றும் அவரே சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டு ஊர் வாய் பிளந்தது. எனக்கு ஆச்சரியம் இல்லை. அரைக் கிலோ மரக்கறியிலிருந்து அந்தத் தொகை வரைக்கும் ஏறிப் போகும் படிகள் எனக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் எங்கள் ஊர் எண்ணெய்த் தாங்கிகள் வறண்டு கிடந்தன. 2022இல் நாட்டிடம் டொலர் இல்லை. மார்ச் கடைசியில் வந்த பெற்றோல் கப்பல் ஒன்று பணம் கட்ட முடியாமல் வாரக்கணக்கில் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. எங்கள் வீதியில் முச்சக்கரவண்டிக்காரர் இரவு முழுக்க வரிசையில் தூங்கினார்கள். கண்ணுக்கெட்டும் தூரத்தில் எண்ணெய் மிதக்கிறது, கரைக்கு வர வழியில்லை. சமுத்திரங்களைக் கரை கட்டி ஆள்கிறது என்று இத்தனை காலம் சொல்லி வந்த எனக்கு, கரை நொடிந்தால் சமுத்திரம் எத்தனை எட்டத்தில் போய்விடும் என்பதையும் அந்த ஆண்டு காட்டியது.

2025 நவம்பரில், நமது கடற்படையின் 75ஆம் ஆண்டு விழாவையொட்டி இந்தியாவின் விக்ராந்த் விமானந்தாங்கி கொழும்புக்கு வந்திருந்தது. அப்போதுதான் டித்வா புயல் அடித்தது. களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கமெல்லாம் நீருக்குள் போயிற்று. விக்ராந்தும் கூட வந்த உதயகிரியும் தங்களிடம் இருந்த உணவுப் பொருளைக் கரைக்கு இறக்கிக் கொடுத்தன, ஹெலிகொப்டர்கள் மீட்புக்குப் போயின. கரையிலிருந்து கப்பலுக்குப் போவதையே வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். கப்பலின் களஞ்சியம் கரைக்கு இறங்கியபோது, மாலுமிகள் என்றோ ஒரு துறையில் கைமாற்றி அடுக்கிய மூட்டைகள் இங்கே வெள்ளத்தில் நின்ற வீடுகளுக்குப் போகின்றன என்று எண்ணி நெகிழ்ந்தேன். வேறொரு கரையில் என்னைப் போன்ற ஒருவர் எடை பார்த்து, ஈரம் பார்த்து ஏற்றிய அரிசி அது.

இப்போது எங்கள் பகுதியின் பழைய ஸ்டோர்கள் பல கொள்கலன் முற்றங்களாகிவிட்டன. 2021இல் திறந்த புதிய களனிப் பாலம் ஒருகொடவத்தை வரைக்கும் வந்து இறங்குகிறது, லொறிகள் முன்னைவிட வேகமாகத் துறைமுகம் போகின்றன. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கணினியில் பட்டியல் போடுகிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். எடையில் ஒரு கிராமும் தள்ளாதே. ஈரக் கோவாவை ஏற்றாதே. பட்டியலைப் பற்றி யாரிடமும் பேசாதே. நீ இன்றைக்கு மூடும் கூடையை அவர்கள் மூன்று வாரம் கழித்து, எந்தக் கரையும் தெரியாத இடத்தில் திறப்பார்கள். அழுகியிருந்தால் திருப்பிக் கொடுக்க அங்கே கடை இல்லை. நன்றாக இருந்தால் கப்பல் இன்னும் ஒரு நாள் முன்னே போகும். அந்த ஒரு நாள் உன் கையால் ஆனது.